கிராமர் சார்

ஃபிளாட்டுக்கு ஃபிளாட் ஒரு கிராமர் சார் இருப்பார். பெரும்பாலும் சர்க்கார் ஆபீஸில் டிராஃப்ட் திருத்தியே சூப்பரின்டென்டென்ட் ஆகி ரிட்டையரானவர். சட்டைப்பையில் இரண்டு பேனா. நீலம் பென்ஷன் காகிதங்களுக்கு, சிவப்பு நமக்கு.

"என்னப்பா, ரெண்டு நாளா வாக்கிங்ல ஆளையே காணோம்?"

"ஐ வாஸ் ஹேவிங் ஃபீவர், சார்."

"ஹேவிங் வராது. ஐ ஹேட் ஃபீவர். டிபன் சாப்பிடறப்போ ஹேவிங் சொல்லு, ஒத்துக்கறேன்."

காய்ச்சல் விட்டதா என்று கடைசிவரை கேட்க மாட்டார். 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' என்று ஆரம்பித்தால், அந்த நண்பன் கிணற்றில் தத்தளித்துக்கொண்டிருந்தாலும், ஓர் 'எஸ்' சேர்த்த பிறகுதான் கயிறு போட விடுவார்.

அட்டை பிய்ந்த ரென் அண்ட் மார்ட்டின்தான் வேதம். அந்த ரென்தான் 1924இல் 'போ ஜெஸ்ட்' என்ற சாகச நாவலையும் எழுதியவர் என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். வேதவியாசர் துப்பறியும் கதை எழுதினார் என்றதுபோல முகம் சுளித்தார்.

காந்தியின் சுயசரிதை ஆங்கில மொழிபெயர்ப்பைச் செம்மை செய்தவர், தன் பெயர் வெளியே வரக்கூடாது என்று நிபந்தனை போட்டாராம். அவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார்தான் என்பார்கள். நம் சாருக்கு சாஸ்திரியார் என்றால் உயிர். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் வழியில் போவதில்லை. திருத்திய எதற்கும் கீழே தேதி போட்டுக் கையெழுத்து உண்டு.

வீட்டிலேயே ஒரு எதிரி: பேரன். ராத்திரி அமெரிக்காவோடு பேசிச் சம்பாதிக்கிறவன். "ஹூ டிட் யூ ஸ்பீக் டு?" என்று அவன் போனில் கேட்டதுமே பக்கத்து அறையிலிருந்து "டு ஹூம்! டு ஹூம்!" என்று முழக்கம் வரும். அந்தப் பக்கத்துத் துரை, ஏதாவது அலாரமா என்று விசாரிப்பார்.

பேரனும் லேசுப்பட்டவன் இல்லை. "வாக்கியக் கடைசியில 'டு' வரக்கூடாதுன்னு 1672லயே குறை சொன்னது டிரைடன், தாத்தா. 1926ல ஃபவுலரே அதை மூடநம்பிக்கைன்னு எழுதிட்டாரு."

"ஃபவுலர் எழுதலாம். நீ பேசக்கூடாது."

இத்தனைக்கும் தமிழில் சார் பரம தாராளம். 'வந்துக்கினு', 'இருக்குது' எல்லாம் சரளமாக வரும். நன்னூலைக் காட்டினால், "பேச்சு வேற, எழுத்து வேறப்பா" என்று நமக்கே பாடம் எடுப்பார். வெள்ளைக்காரனுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது.

போன வாரம் லிஃப்ட் படுத்துவிட்டது. 'லிஃப்ட் இஸ் நாட் ஒர்க்கிங் சின்ஸ் டூ டேஸ்' என்று செகரட்டரி எழுதி ஒட்டினார். ஐந்தே நிமிடத்தில் அது சிவப்பு மையில் 'ஹேஸ் நாட் பீன் ஒர்க்கிங் ஃபார் டூ டேஸ்' ஆனது. கீழே தேதி, கையெழுத்து.

"மெக்கானிக்குக்கு யாராவது போன் பண்ணீங்களா, சார்?"

"அது செகரட்டரி வேலை."

மறுநாள் காலை நாலாவது மாடியிலிருந்து மூச்சு வாங்க இறங்கி வந்தார். 'டூ'வை அடித்தார், 'த்ரீ' போட்டார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒருமுறை படித்துப் பார்த்தார், திரும்பப் படியேறினார்.