ஸ்வெட்டருக்கு வேலையில்லாத ஊர்

புதுமாப்பிள்ளை, கும்பகோணம்: ஆவணியில் கல்யாணம். ஹனிமூனுக்கு மாலத்தீவுதான் என்கிறாள் வருங்கால மனைவி. அப்போது அங்கே மழைக்காலம் என்கிறான் நண்பன். யார் பேச்சைக் கேட்க?

மனைவி பேச்சை. இப்போதிருந்தே பழகிக்கொள்ளுங்கள். நண்பர் சொல்வதும் பொய்யில்லை. மே முதல் நவம்பர் வரை அங்கே தென்மேற்குக் காற்றுதான் நாட்டாமை. பெரும்பாலும் ஒரு பாட்டம் கொட்டிவிட்டு வெயில் அடிக்கும். சில சமயம் இரண்டு மூன்று நாள் விடாமல் பிடித்துக்கொள்ளும். ஆனால் ரிசார்ட் வாடகை இறங்குவதும் இந்த மாதங்களில்தான். பா பவளத்தீவுக் கூட்டத்தில் ஹனிஃபாரு என்று ஒரு குடா இருக்கிறது. பருவக்காற்றும் நீரோட்டமும் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிரிகளை அங்கே கொண்டுவந்து குவிக்கும். அவற்றைத் தின்ன மாண்டா என்கிற பெரிய திருக்கைகள் வாயைப் பிளந்துகொண்டு கூட்டமாக வரும். டிசம்பரில் போகிறவர்களுக்கு இந்தப் பந்தி கிடையாது. புத்தாண்டு வாரத்துக்குத் தள்ளிப்போட்டீர்களானால், வானம் வெளுத்திருக்கும். பில்லைப் பார்த்து உங்கள் கண்ணில்தான் மழை.

இல்லத்தரசி, ஊட்டி: ஜனவரியில் போகிறோம். ஸ்வெட்டர் வேண்டுமா?

விமானத்துக்குள் போட்டுக்கொள்ளலாம். தலைநகர் மாலே நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 4 டிகிரியில் இருக்கிறது. பகலில் 30, 31 டிகிரி வெப்பம், இரவில் 25, 26. ஜனவரியானாலும் ஜூலையானாலும் ஏறக்குறைய இதே கணக்குதான். சுற்றியிருக்கும் கடல் சூட்டை ஏறவும் விடாது, இறங்கவும் விடாது.

ஓய்வுபெற்ற ஆசிரியர், ஸ்ரீவில்லிபுத்தூர்: நட்சத்திரத்தை வைத்து மழை சொல்வது நம் பஞ்சாங்கத்தோடு சரிதானே?

இல்லை ஐயா. மாலத்தீவில் வருடத்தை 27 பங்காக்கி, ஒவ்வொன்றுக்கும் 13 அல்லது 14 நாள் கொடுத்திருக்கிறார்கள். ஏப்ரல் இரண்டாம் வாரவாக்கில் அஸ்ஸிதா தொடங்கும். அடுத்து புருனு, கெத்தி, ரோனு. அசுவினி, பரணி, கார்த்திகை, ரோகிணி என்று உங்கள் வாய் தானாகச் சொல்லியிருக்குமே! எப்போது விதைப்பது, எந்தப் பக்கம் மீன் கிடைக்கும் என்பதற்கெல்லாம் பெரியவர்கள் நம்பியது இதைத்தான். 18 பங்கு தென்மேற்குக் காற்றான 'ஹுள்ஹங்கு'வுக்கு, மீதி 9 வடகிழக்குக் காற்றான 'இருவை'க்கு. ஆக, அங்கே காலத்தைப் பிரிப்பது குளிரும் வெயிலும் அல்ல, காற்று. நம் தூத்துக்குடித் தோணிக்காரர்களைக் கேளுங்கள். வெங்காயமும் காய்கறியும் ஏற்றி மாலேவுக்குப் போகிற தோணிகள், தென்மேற்குக் காற்று வலுத்தால் துறையை விட்டு நகராது.

மீனவர் மகன், நாகப்பட்டினம்: எங்களுக்கு வருடா வருடம் புயல். அந்தக் குட்டித் தீவுகள் மட்டும் எப்படித் தப்பிக்கின்றன?

புயல் சுழலப் பூமியின் சுழற்சி ஒரு தள்ளு தள்ள வேண்டும். நடுக்கோட்டருகே அந்தத் தள்ளல் அநேகமாகப் பூஜ்யம். அதனால் அங்கே புயல் உருவாவது அபூர்வம். வடக்குத் தீவுகள் மட்டும் எப்போதாவது அடி வாங்கும். அதற்காகப் பொறாமைப்படாதீர்கள். 1987 ஏப்ரலில் எங்கோ தொலைதூரக் கடலில் அடித்த புயலின் அலை, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வந்து மாலே தெருக்களில் புகுந்தது. தரையின் சராசரி உயரமே ஒன்றரை மீட்டர்தான். அதே ஆண்டு ஜனாதிபதி கயூம் ஐ.நா. சபையில் போய் முறையிட்டார். பிறகு ஜப்பான் உதவியோடு மாலேயைச் சுற்றி அலைதடுப்புச் சுவர் எழுப்பினார்கள்.

குடும்பத் தலைவி, சென்னை: இவ்வளவு மழை பெய்கிற ஊரில் தண்ணீர்க் கஷ்டமே இருக்காதில்லையா?

மாலேயில் ஆறும் இல்லை, ஏரியும் இல்லை. அங்கே குடிப்பது ஆலையில் சுத்திகரித்த கடல்நீரை. 2014 டிசம்பரில் அந்த ஆலையில் தீப்பிடித்துக் குழாய்கள் வறண்டன. இந்தியா விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்பியது. சென்னைக்காரர் நீங்கள், உங்களுக்கு விளக்க வேண்டுமா?

அவசரக்காரர், மதுரை: சுற்றி வளைக்காமல் ஒரு மாதத்தைச் சொல்லுங்கள்.

மார்ச். மழை குறைவு, கடல் அமைதி, புத்தாண்டுக் கூட்டமும் கலைந்திருக்கும். பிள்ளைகளுக்கு முழுப் பரீட்சை வருமே என்கிறீர்களா? அப்படியானால் மே. குடையை மறக்காதீர்கள்.