கல்லு உடைக்கிற மாப்ளே

வாடா மாப்ளே, குந்து. பென்னாகரம் பக்கத்து ஜல்லி குவாரியில பத்து வருசமா பொக்லைன் ஓட்டுறவன், கொள்ளு அளவு கல்லுக்கு ராத்திரி பூரா பாயில உருண்டியாமே? உங்கம்மா சொன்னா. பாறைங்க ஒண்ணு சேர்ந்து பழி தீர்த்துக்கிச்சுபோல.

கல்லுக்கு மருந்து கள்ளுன்னு எவனோ சொல்ல, கள்ளு கெடைக்காம பீரைக் குடிச்சியாம். ‘ல’வுக்கும் ‘ள’வுக்கும் நடுவுல உன் கிட்னி மாட்டிக்கிச்சேடா!

இப்ப டாக்டரு ‘ஷாக் வேவ்’னு சொன்னதும் கரண்டு வெப்பாங்கன்னு ஓடியாந்துட்டே. கரண்டு இல்லடா, அதிர்வு. நீங்க குவாரியில வெடி வெச்சா, திண்ணையில இருக்கிற என் தொப்பை ஒரு ஆட்டம் ஆடி அடங்கிடுது. பின்னால சுவருதான் விரிசல் விடுது. (அந்த விரிசலுக்கு உன் மொதலாளி இன்னும் காசு தரல, அது வேற கதை.) சதை தண்ணி மாதிரி, அதிர்வுக்கு வழி விட்டுடும். கல்லு வெறைச்சிக்கிட்டு நிக்கும், நொறுங்கும். பூதக்கண்ணாடியில வெயிலைக் குவிச்சு பீடி பத்த வெப்போமில்ல, அப்படி எக்ஸ்ரேயில குறி பார்த்து, ரெண்டாயிரம் மூவாயிரம் தட்டு. கத்தியே கெடையாது.

மழைத்துளி மோதி விமானம் கெடுதேன்னு ஆராயப் போன ஜெர்மனி டார்னியர் கம்பெனிக்காரங்களுக்குக் கெடைச்ச யோசனை இது. 1980 பிப்ரவரியில மியூனிக்ல மொத ஆளைத் தண்ணித் தொட்டியில எறக்கித்தான் உடைச்சாங்க. இப்ப தொட்டி இல்ல, ஜெல் தடவுன மெத்தைதான். ஒரு குளியல் மிச்சம் உனக்கு.

ரெண்டு சென்டிமீட்டருக்கு மேல போன கல்லுக்கு வேற வழி பார்ப்பாங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடுறவன் அதை மறைக்கக் கூடாது. கர்ப்பிணிக்கு அறவே ஆகாது. அந்தக் கவலை உனக்கில்ல.

உடைச்சா மட்டும் ஆச்சா? எம்-சாண்டா பொடிஞ்சா தன்னால வரும். ஜல்லியா விழுந்தா குழாயில வரிசையா நின்னுடும், தொப்பூர் கணவாயில ஒரு லாரி படுத்தா பின்னால அத்தனையும் நிக்குமே, அப்படி. ஜெர்மன்காரன் அதுக்குக் ‘கல் தெரு’ன்னே பேரு வெச்சிருக்கான். அப்ப குளிர் காய்ச்சல் வந்தா வாழைத்தண்டைத் தேடாதே, ஆஸ்பத்திரிக்கு ஓடு.

‘நம்மூரு தண்ணிதான் மாமா காரணம்’னு மட்டும் சொல்லாதே. ஃப்ளோரைடு தண்ணி பல்லைக் கறையாக்குச்சு, எலும்பை வளைச்சுச்சு. அதுக்கு அந்தப் பழியே போதும். 2013லயே ஒகேனக்கல் தண்ணி வந்தாச்சு. நீ குடிச்சாத்தானே? ஒண்ணுக்குப் போக வண்டியை விட்டு எறங்கணுமேன்னு வெயில்ல வாயைக் கட்டுறே. ஒரு நாளைக்கு மூணு லிட்டர் உள்ள போவட்டும், உப்பு குறையட்டும்.

இன்னொண்ணு. வர்ற பொடியை வடிகட்டிப் புடிச்சு லேபுக்குக் குடுக்கச் சொல்வாங்க. வடிகட்டி புதுசா வாங்கிக்கோ. போன வருசம் எனக்கு உடைச்சப்ப அவசரத்துக்கு அடுப்படியில இருந்ததை எடுத்துட்டேன். உங்க அத்தைக்கு இன்னும் தெரியாது.

ஏன்டா, டீயைக் கீழ வெச்சிட்டே?