இங்க என்ன சார் இருக்கு?

திட்டக்குடி, கடலூர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் வெள்ளாற்றின் வடகரையில் உள்ள ஊர், வட்டத் தலைநகரம். பாலத்தைத் தாண்டினால் பெரம்பலூர் மாவட்டம். விருத்தாசலத்துக்கும் தொழுதூருக்கும் இடையே ஓடும் பேருந்துகள் இங்கே நின்று போகின்றன. பேருந்து நின்றதையே ஊரைப் பார்த்த கணக்கில் வைப்பவர்கள் ஏராளம்.

இவ்வூரில் பார்க்க வேண்டியவை மூன்று. முதலாவது, வைத்தியநாத சுவாமி கோயில். அம்மன் அசனாம்பிகை. வசிஷ்டர் வழிபட்ட தலம் என்பது தலபுராணம். கல்வெட்டைப் படிக்கத் தெரியாமலே அதன்முன் நின்று தலையாட்டும் வகையினர் (இக்கட்டுரையாளரும் அந்த வகையே) இங்கே அரைநாள் தலையாட்டலாம். இரண்டாவது, ஆறு. வசிஷ்ட நதியும் சுவேத நதியும் கூடி வெள்ளாறாகிப் பரங்கிப்பேட்டையில் கடல் சேர்கிறது. ஆண்டில் பல மாதம் மணல்தான். ஆற்றின் நடுவில் நின்றுகொண்டு "ஆறு எங்கே?" என்று கேட்பது வெளியூர்க்காரர் மரபு. மூன்றாவதைச் சொல்லுமுன், வருகிறவருக்கு நேரும் ஓர் இடையூறை விளக்கியாக வேண்டும்.

"இங்க என்ன சார் இருக்கு?" என்ற கேள்விதான் அது. கேட்பவர் உள்ளூர்க்காரர். போன வாரம்கூட, கோயில் வாசலில் செருப்பைக் கழற்றி முடிப்பதற்குள் இக்கேள்வி வந்து சேர்ந்தது. தேநீர்க் கடையிலும் அதுவே. பதிலையும் அவர்களே சொல்கிறார்கள்: "பெண்ணாடம் போங்க சார்."

பெண்ணாடத்தில் தூங்கானை மாடம் இருக்கிறது. யானையின் பின்புறம்போல் வளைந்த விமானம். அப்பர் தம் தோளில் சூலக்குறியும் இடபக்குறியும் பெற்ற தலம். அந்த விமானத்தின் நிழலிலேயே உட்கார்ந்திருக்கும் பெரியவர் சொல்வது: "இதுக்கா இவ்ளோ தூரம்? விருத்தாசலம் போயிருக்கலாமே!"

விருத்தாசலத்தில் விருத்தகிரீசுவரர். செம்பியன் மாதேவி கற்றளியாக எடுப்பித்த கோயில். கோபுரம் ஐந்து, தேர் ஐந்து, எல்லாமே ஐந்து. அங்குள்ளவர் சற்றுத் தயங்கிச் சொல்வார்: "பீங்கான் பொம்மை வேணும்னா வாங்கிக்குங்க. கோயில்னா சிதம்பரம்தான்."

சிதம்பரத்தில் பொன்னம்பலத்தையே முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஒருவர் பெருமூச்சு விடுவார்: "கொடுத்து வச்சவங்க காசிக்குப் போறாங்க." காசியைவிட விருத்தாசலம் ஒரு வீசம் உயர்ந்தது என்பது நெடுநாள் வழக்கு. ஆகவே காசிக்காரர் நியாயமாக விருத்தாசலத்துக்கு அனுப்ப வேண்டும். விருத்தாசலத்தார் மறுபடி சிதம்பரத்துக்கு அனுப்புவார்கள். ஒரு மனிதன் ஆயுள் முழுக்கச் சுற்றினாலும், "ஆமாம், பார்க்க வேண்டியது இங்கேதான் இருக்கிறது" என்று யாரும் அவனை ஓரிடத்தில் நிற்கவிடப் போவதில்லை.

இதற்கு அடக்கம் என்று பெயர் சொல்கிறார்கள். அடக்கம் இல்லை, அசிரத்தை. தன் ஊர்க் கோயிலுக்குள் எப்போது கடைசியாகப் போனார் என்று கேட்டால், "சின்ன வயசுல" என்பதே பதில். அந்த மனிதர்தான் சென்ற ஆண்டு குடும்பத்தோடு தாஜ்மகால் பார்த்துவிட்டு வந்தவர்.

மூன்றாவதைப் பார்க்க நேரம் கிடைப்பதில்லை; அதற்குள் யாராவது அன்போடு பெண்ணாடம் பேருந்தில் ஏற்றிவிட்டிருப்பார்கள். ஊரார் செய்யக்கூடிய உதவி ஒன்றுதான்: வந்தவரை வழியனுப்பும் முன், ஒருமுறை உட்காரச் சொல்லலாம்.