மொட்டைமாடிச் சூரியனுக்குப் பெயர் மாற்றக் கோரும் மனு

அனுப்புநர்: மாடியில் சோலாரோடு வீடு வாங்கிய குடும்பஸ்தர், தாம்பரம் பக்கம்.
பெறுநர்: உயர்திரு அதிகாரிகள், தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம்.
நகல்: பதிவுத்துறைக்கும், சோலாருக்குக் கடன் கொடுத்த வங்கிக்கும்.
பொருள்: வீடு வந்தது, மாடி வராதது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

1957-இல் மின்வாரியமாகப் பிறந்து, 2010-இல் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகமாகி, 2024-இல் மறுபடி பாகப்பிரிவினை நடந்து பகிர்மானக் கழகமாக நிற்கும் தங்களுக்குப் பெயர் மாற்றத்தின் பாடு தெரியாததல்ல. இத்தனை பெயர் மாறியும் ஊர் வாயில் தாங்கள் இன்னும் ‘ஈபி’தான். மனுதாரர் கதையும் அதே ரகம். வீடு அவர் பெயருக்கு வந்துவிட்டது. மாடியில் இருப்பதெல்லாம் இன்னும் முன்னவர் பெயரில்தான் வெயில் காய்கிறது.

வீடு பார்க்கப் போன அன்றே விற்பவர் நேராக மாடிக்குத்தான் அழைத்துப் போனார். 3 கிலோவாட் சோலார், ஏறக்குறைய 300 சதுர அடியை அடைத்துக்கொண்டு மின்னியது. “ஈபி பில்லையே மறந்துடலாம் சார். ரெண்டு லட்சம் போட்டுப் பண்ணினது. அதையும் சேர்த்துத்தான் விலை” என்றார். 2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000, ஆக 78,000 ரூபாய் மானியம் அவர் வங்கிக் கணக்கில் விழுந்திருந்தது. செலவு ஞாபகம் இருந்த மனிதருக்கு வரவு மட்டும் மறந்துபோனது. மானியம் புதிதாகப் போடுகிறவருக்குத்தான்; போட்டதை வாங்குகிறவருக்குக் கிடையாது. ஆகவே மத்திய அரசு ஒரு தடவை கொடுத்ததை மனுதாரர் இரண்டாம் தடவை கொடுத்தார்.

பிறகு பத்திரம். எழுதிக் கொடுத்தவர் அனுபவசாலி, பழைய பத்திரம் ஒன்றை மாதிரியாக வைத்துக்கொண்டு மளமளவென்று அடித்தார். கதவு, ஜன்னல், கிணறு, மோட்டார், தென்னை மரம் இரண்டு, மின் இணைப்பு, அதன் டெபாசிட் எல்லாம் சொத்து விவரத்தில் வந்து உட்கார்ந்தன. சோலார் வரவில்லை. அந்த மாதிரிப் பத்திரம் எழுதப்பட்ட காலத்தில் மாடியில் வடாம்தான் காய்ந்தது. இப்போது சட்டப்படி தென்னை மனுதாரருடையது, அதன் நிழல் விழும் பலகைகள் யாருடையவை என்று கேட்டால் தெருவே யோசிக்கிறது.

வில்லங்கம் போட்டுப் பார்க்கவில்லையா என்று தாங்கள் கேட்கலாம். முப்பது வருடத்துக்குப் போட்டார், சுத்தமாக வந்தது. ஆனால் வில்லங்கச் சான்றில் தெரிவது பதிவான ஆவணங்கள் மட்டும். முன்னவர் சோலாருக்கு வங்கியில் வாங்கியதோ வீட்டுப் பத்திரத்தை அடமானம் கேட்காத கடன். அடமானம் இல்லை, பதிவு இல்லை, வில்லங்கத்திலும் இல்லை. இதைச் சொன்னால் முன்னவர், “அது சின்ன லோன் சார், நான் பார்த்துக்கறேன்” என்கிறார். சின்ன லோனை அவர் பார்த்துக்கொள்கிறாரா என்பதைத்தான் மனுதாரர் மாதாமாதம் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

முன்னவர் இப்போது மகனோடு மெல்போர்னில். இருந்தாலும் மாடியை விட்டு இறங்கவில்லை. இன்வெர்ட்டரில் செருகியிருக்கும் வைஃபை குச்சி அவருடைய மொபைல் ஆப்பில் பதிவானது. போன வாரம் போன் வந்தது: “என்ன சார், நல்ல வெயிலு, பன்னிரண்டு யூனிட் வரணும், எட்டுதான் காட்டுது. பேனல் துடைக்கலையா?” துடைத்தார் ஐயா, துடைத்ததுதான் வினை. போர் தண்ணீரை ஊற்றிக் கழுவியதில் உப்பு படிந்து, கண்ணாடி முழுக்க வெள்ளை வெள்ளையாகத் திட்டு. தன் வீட்டுத் தயாரிப்பைப் பற்றி அயல்நாட்டிலிருந்து கேட்டுத் தெரிந்துகொள்ளும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்!

இன்னொரு விஷயத்தைத் தங்கள் மீது குறையாகச் சொல்லவில்லை. பட்டப்பகலில் கரண்ட் போனால் மாடியில் சூரியன் கொளுத்துகிறது, கீழே மின்விசிறி நிற்கிறது. லைனில் கரண்ட் இல்லையென்றால், பேட்டரி இல்லாத இந்த இன்வெர்ட்டர் தானாகவே அணைந்துவிடும்; கம்பத்தில் ஏறி வேலை செய்யும் உங்கள் ஊழியருக்கு எங்கள் மாடியிலிருந்து ஷாக் அடிக்கக் கூடாதல்லவா. நியாயம்தான். மனுதாரருக்கு இது புரிந்துவிட்டது. “சோலார் வீட்டுக்காரரே, உங்க வீட்டுலயும் இருட்டா?” என்று கேட்கும் எதிர்வீட்டு மாமாவுக்குத்தான் புரியவைக்க முடியவில்லை.

வாரன்டியும் கொஞ்சம் இருக்கிறது. பலகைக்கு 25 வருடம் என்கிறார்கள், இன்வெர்ட்டருக்கு அதைவிட வெகு குறைவு. போட்டுக் கொடுத்த நிறுவனம் ஐந்து வருடம் இலவசமாகப் பராமரிக்க வேண்டும். கேட்டால், “பில் யார் பேர்ல இருக்கு சார்?” என்பது முதல் கேள்வி. பில் முன்னவர் பெயரில். அதன் நகல் அவருடைய பழைய போனின் வாட்ஸ்அப்பில். அந்தப் போன் எக்ஸ்சேஞ்சில் போய்விட்டது.

ஆகவே சமூகம் கருணை கூர்ந்து, மின் இணைப்புக்குப் பெயர் மாற்றும்போதே, மாடியிலிருந்து லைனுக்குப் போகும் கரண்டையும் கணக்கில் எடுக்கும் நெட் மீட்டருக்காக முன்னவர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தையும் அதே விண்ணப்பத்தில் மாற்றித் தரவும். எத்தனை கிலோவாட், என்றைக்கு இணைத்தது, எவ்வளவு மானியம், ஏற்றுமதி யூனிட் எவ்வளவு என்பதை ஒரே தாளில், வீடு வாங்குகிறவர் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பார்க்கும்படி செய்யவும். பதிவுத்துறையார் சொத்து விவரத்தில் தென்னைக்குப் பக்கத்தில் சோலாருக்கும் ஒரு வரி ஒதுக்கவும். கடன் தீர்ந்ததற்கு வங்கி தரும் சான்று இல்லாமல் அந்த வரி நிரம்பக் கூடாது என்று உத்தரவிடவும்.

இப்படிக்கு,
மாடியின் கீழ் வசிக்கும் மனுதாரர்

இணைப்பு: கிரயப் பத்திர நகல், வில்லங்கச் சான்று, மீட்டர் திரையில் ஏற்றுமதியும் இறக்குமதியும் மாறி மாறி ஓடும்போது எடுத்த படம். பலகைகளின் வரிசை எண்கள் பின்பக்கம் ஒட்டியிருப்பதால் ஒன்றை மட்டுமே படம் பிடிக்க முடிந்தது. மற்றவற்றுக்கு மல்லாக்கப் படுக்க மனுதாரரின் இடுப்பு சம்மதிக்கவில்லை. முன்னவரின் ஒப்புதல் கடிதம் மெல்போர்னிலிருந்து வந்துகொண்டிருக்கிறது. அவசரமென்றால் அவரை ஆப்பில் பிடிக்கலாம். பகல் முழுக்க அங்கேதான் இருக்கிறார்.