தோல்விகொண்ட டால்ஸாபுரம்

ஜெயித்த ராஜாக்கள் கோயில் சுவரெல்லாம் மெய்க்கீர்த்தி வெட்டிவைத்தார்கள். தோற்றவர்களுக்கு உளி பிடிக்க ஆள் கிடைக்கவில்லை. அந்தக் குறையைப் போக்க, 2011-இல் அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் 34 ஆட்டம் ஆடி 31-இல் மண்ணைக் கவ்விய டால்ஸா ஷாக் என்ற பெண்கள் கூடைப்பந்து அணிக்கு ஒன்று எழுதிவிடலாம் என்று உத்தேசம்.

தோற்பதில் என்ன அதிசயம்? ஊருக்கு ஊர் தினமும் யாரோ தோற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள். டால்ஸாவின் பெருமை, யார் யாரை வைத்துக்கொண்டு தோற்றார்கள் என்பதில் இருக்கிறது.

முதலில் வம்ச வரலாறு. பூர்வீகம் டெட்ராய்ட். 2003, 2006, 2008 என்று ஆறு வருஷத்தில் மூன்று கோப்பை. கோச், பில் லேம்பியர். ஆடிய காலத்தில் எதிரணிக்காரர்களின் விலா எலும்புகளுக்கு நெருங்கிய பழக்கம் உள்ளவர். கோச் எவ்வழி, அணி அவ்வழி. 2008 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸ் ஸ்பார்க்ஸுடன் ஆடிய ஆட்டம் கடைசி நொடிகளில் கைகலப்பாக மாறியது. துணைக் கோச் ரிக் மஹார்ன் விலக்கிவிடத்தான் ஓடினார். அவர் விலக்கிய வேகத்தில் ஸ்பார்க்ஸின் லிசா லெஸ்லி தரையில் கிடந்தார். மஹார்னுக்கு இரண்டு ஆட்டம் தடை. ஸ்பார்க்ஸ் என்ற பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வம்சத்தின் ஜாதகத்தில் எட்டாம் இடத்தில் உட்கார்ந்திருப்பது அதுதான்.

2009-இல் டெட்ராய்ட் முதலாளி காலமானார், லேம்பியர் சீசன் தொடங்கிய கையோடு விலகினார், அக்டோபரில் அணி டால்ஸாவுக்கு விற்கப்பட்டது. டால்ஸா ஒரு காலத்தில் உலகத்தின் எண்ணெய்த் தலைநகரம் என்று தன்னைத்தானே சொல்லிக்கொண்ட ஊர். அங்கே புத்தம் புதிதாக பிஓகே சென்டர் என்று ஓர் அரங்கம் நின்றது. கோலாலம்பூரின் இரட்டைக் கோபுரத்தை வரைந்த அதே சீசர் பெல்லி வரைந்தது. அரங்கம் தயார், பணம் தயார், மூன்று கோப்பையின் கௌரவமும் கைக்கு வந்தாகிவிட்டது. பெட்டியைத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, உள்ளே ஆட்டக்காரர்களைக் காணோம். 2006 இறுதிப் போட்டியின் நாயகி டியானா நோலன் வெளிநாட்டிலேயே ஆடிக்கொள்கிறேன் என்றிருந்துவிட்டார். 2008-இன் நாயகி கேட்டி ஸ்மித் வாஷிங்டனுக்குப் போய்விட்டார். செரில் ஃபோர்டும் வரவில்லை. டால்ஸா காசு கொடுத்து வாங்கியதில் பெரும்பகுதி பெயர்ப்பலகை.

பரவாயில்லை, நம்மிடம் நோலன் ரிச்சர்ட்ஸன் இருக்கிறார் என்றார்கள். இருந்தார்தான். 1981-இல் டால்ஸா பல்கலைக்கழகத்துக்கு என்.ஐ.டி. என்ற கல்லூரிப் போட்டியின் பட்டம், 1994-இல் ஆர்கன்ஸா பல்கலைக்கழகத்துக்குத் தேசியப் பட்டம். அவருடைய பாணிக்கு ‘நாற்பது நிமிட நரகம்’ என்று பெயர். எதிரணி பந்தைத் தொட்ட மறுகணம் மைதானம் முழுக்கத் துரத்துவது, மூச்சு வாங்கினால் பெஞ்சிலிருந்து புது ஆட்களை அலை அலையாக அனுப்பிக்கொண்டே இருப்பது. பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் இதில் வெலவெலத்துப் போய்ப் பந்தைக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

டால்ஸா ஆடிய பெண்கள் லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வின் ஆட்டமும் சரியாக நாற்பது நிமிடம்தான். நரகம் யாருக்கு என்பதில்தான் குழப்பம் ஏற்பட்டது. இந்த லீக்கில் அணிக்கே அப்போது 11 பேர். அலை அலையாக அனுப்ப ஆளுக்கு எங்கே போவது? எதிரே நிற்பவர்களோ கோடையில் அமெரிக்காவிலும் குளிர்காலத்தில் ரஷ்யா, துருக்கியிலும் சம்பளத்துக்கு ஆடிப் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். துரத்தி வருகிற டால்ஸாக்காரர்களின் தலைக்கு மேலே நீளமாக ஒரு பாஸ், அந்தப் பக்கம் காவலே இல்லாத பேஸ்கெட், இரண்டு பாயின்ட். 2010 சீசன் முடிந்தபோது 6 வெற்றி, 28 தோல்வி. ரிச்சர்ட்ஸன் கோச் மட்டுமல்ல, ஆட்களைச் சேர்ப்பதும் கழிப்பதும்கூட அவர் பொறுப்பு. ஆகவே யாரைக் குறை சொல்வது என்ற ஆராய்ச்சி சீக்கிரம் முடிந்துவிட்டது.

அந்த வருஷம் அவர் சேர்த்த ஆட்களில் ஒருவர் மேரியன் ஜோன்ஸ். ஆமாம், அவரேதான். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் மூன்று தங்கம், இரண்டு வெண்கலம் வாங்கி, ஊக்கமருந்து விவகாரத்தில் ஐந்தையும் திருப்பிக் கொடுத்து, விசாரணை அதிகாரிகளிடம் பொய் சொன்னதற்காக ஆறு மாதச் சிறைத்தண்டனையும் அனுபவித்த ஓட்டக்காரி. 34 வயதில் டபிள்யூ.என்.பி.ஏ.வில் புதுமுகம். கேலிக்கு எடுத்த ஆள் என்று அவசரப்பட வேண்டாம். கல்லூரிக் காலத்தில் வட கரோலினாவின் பாயின்ட் கார்டாக 1994 தேசியப் பட்டத்தை வென்றவர் அவர். ஆனால் நடுவில் பதினாறு வருஷம் ஓடியிருந்தது, அவரைவிட வேகமாக.

இப்போது 2011. ஆறு வெற்றிக்குக் கீழே இனி எங்கே போவது என்று எல்லோரும் நம்பிக்கையோடு இருந்தார்கள்.

அணிகள் முறைவைத்துப் புதுமுகங்களை எடுக்கும் டிராஃப்டில் இரண்டாவது இடம் கிடைத்தது. ஆஸ்திரேலியாவின் லிஸ் கேம்பேஜை எடுத்தார்கள். ஆறடி எட்டங்குலம், பத்தொன்பது வயது. இந்தப் பெண், தேர்வுக்கு முன்பே ஊர்ப் பத்திரிகையில் டால்ஸாவில் ஆட எனக்கு இஷ்டமில்லை என்று சொல்லியிருந்தார். நம் ஊரில் பெண் பார்க்கப் போன இடத்தில் இப்படி ஒரு பதில் வந்தால் பஜ்ஜியைக்கூடத் தொடாமல் எழுந்துவிடுவார்கள். டால்ஸா முகூர்த்தமே வைத்துவிட்டது. பெண்ணும் வந்து, முதல் வருஷத்திலேயே ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார். அந்த சீசனில் டால்ஸாவுக்கு நடந்த நல்ல காரியங்களை விரல் விட்டு எண்ணினால் கட்டைவிரல் இதற்குத்தான்.

அடுத்து வந்தவர் ஷெரில் ஸ்வூப்ஸ். இந்த லீக் ஒப்பந்தம் போட்ட முதல் ஆட்டக்காரர். ஹூஸ்டனுக்காக 1997 முதல் 2000 வரை வரிசையாக நான்கு கோப்பை, மூன்று முறை சிறந்த ஆட்டக்காரர் விருது, மூன்று ஒலிம்பிக் தங்கம். நைக்கி கம்பெனி ஒரு கூடைப்பந்து வீராங்கனையின் பெயரில் முதன்முதலாக ஷூ விட்டது இவர் பெயரில்தான். நாற்பது வயது, முதுகுவலி, லீக்கில் ஆடி இரண்டு சீசன் ஆகிவிட்டது. துணைக் கோச்சோ தெரேசா எட்வர்ட்ஸ்: ஐந்து ஒலிம்பிக், நான்கு தங்கம், ஒரு வெண்கலம்.

கூட்டிப் பாருங்கள். அந்த பெஞ்சைச் சுற்றி மொத்தம் ஏழு ஒலிம்பிக் தங்கம். மேரியன் ஜோன்ஸ் திருப்பிக் கொடுத்த மூன்றை, நாணயம் கருதி, சேர்க்கவில்லை. இவ்வளவு பேரும் சேர்ந்து அந்தக் கோடையில் ஈட்டிய வெற்றி மூன்று.

கோடை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 2011 ஜூலையில் ஒக்லஹோமா கண்ட சராசரி வெப்பம், அமெரிக்காவின் எந்த மாநிலமும் எந்த மாதமும் அதுவரை காணாதது. இப்படிக் கொளுத்துகிற ஊரில் குளிர்சாதன அரங்கத்துக்குள் உட்காரக் கிடைத்தும் ஜனங்கள் பெரிதாக மொய்க்கவில்லை என்றால் உள்ளே ஆட்டம் எப்படி இருந்திருக்கும் என்று யூகித்துக்கொள்ளலாம்.

ஜூலை 8-ஆம் தேதி, பதினோரு ஆட்டத்தில் ஒரு வெற்றி என்ற கணக்கோடு ரிச்சர்ட்ஸன் ராஜினாமா செய்தார். கிரீடம் எட்வர்ட்ஸ் தலையில் வந்து விழுந்தது. அதே மாதம் மேரியன் ஜோன்ஸையும் விடுவித்துவிட்டார்கள். ராஜா மாறினார், தோல்வி மாறவில்லை. ஜூலை போனது, ஆகஸ்ட் வந்தது, தோல்வி வந்துகொண்டே இருந்தது. 2008-இல் புதிதாகப் பிறந்த அட்லாண்டா டிரீம் தன் முதல் 17 ஆட்டங்களையும் தோற்று ஒரு சாதனை வைத்திருந்தது. பிறந்த குழந்தை, மன்னிக்கலாம். மூன்று கோப்பை வாங்கிய குலத்தில் வந்த டால்ஸா அதையும் தாண்டி 18, 19, 20 என்று நடந்தது.

ஆகஸ்ட் 26, வெள்ளிக்கிழமை. சொந்த ஊர், எதிரே ஸ்பார்க்ஸ். அவர்களேதான். ஆட்டம் கடைசிவரை ஒட்டிக்கொண்டே வந்தது. கடிகாரத்தில் 2.9 நொடி பாக்கி இருக்கும்போது பந்து நாற்பது வயது ஸ்வூப்ஸின் கையிலிருந்து கிளம்பி உள்ளே போனது. 77-75. இருபது ஆட்டத் தொடர் தோல்வி அங்கே அறுந்தது. முதுகுவலிக்காரர் செய்து காட்டியதை அணியிலிருந்த இளவட்டங்கள் இரண்டு மாதமாகச் செய்யவில்லை என்பதை அன்று யாரும் பெரிதுபடுத்தவில்லை. கோப்பை வாங்கியதுபோல் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். நியாயம்தான். கோப்பை வருஷத்துக்கு ஒரு அணிக்குக் கிடைக்கிறது, இந்த மாதிரி விடுதலை கிடைப்பது அதைவிட அபூர்வம்.

பிறகு இன்னொரு வெற்றி, ஏகப்பட்ட தோல்வி. சீசன் முடிந்தது. 1998-இல் வாஷிங்டன் மிஸ்டிக்ஸும் மூன்றுதான் ஜெயித்தது, ஆனால் அன்று ஆடியது 30 ஆட்டம். டால்ஸா கூடுதலாக நான்கு வாய்ப்பு வாங்கி அந்த நான்கையும் தோற்றுக் காட்டியது.

அமெரிக்காவில் இதற்கு ஒரு பரிகாரம் உண்டு. மோசமாக ஆடிய அணிக்குக் கல்லூரியிலிருந்து வரும் நல்ல ஆட்டக்காரரை முதலில் எடுக்கும் உரிமை தருவார்கள். வேண்டுமென்றே தோற்பவர்களைத் தடுக்க ஒரு குலுக்கல் வேறு; அப்போது கடைசி நான்கு அணிகள் அதில் இருந்தன, அதிகம் தோற்றவருக்கு அதிக வாய்ப்பு. டால்ஸாவுக்குத்தான் மற்றெல்லோரையும்விட அதிகம். குலுக்கினார்கள். டால்ஸாவுக்கு நான்காம் இடம். நான்கு அணிகளில் நான்காம் இடம்! லாட்டரியில்கூடக் கடைசியில் வருவதற்குத் தனித் திறமை வேண்டும். முதல் இடம் யாருக்கு என்று கேட்கிறீர்களா? ஸ்பார்க்ஸுக்கு. அவர்கள் எடுத்த நெகா ஒக்வுமிகே 2016-இல் லீக்கின் சிறந்த ஆட்டக்காரராகி, அதே வருஷ இறுதிப் போட்டியின் கடைசி நொடிகளில் பந்தைப் போட்டு அவர்களுக்குக் கோப்பையும் வாங்கிக் கொடுத்தார்.

மீதிக் கதையை ஓட்டிவிடலாம். டால்ஸா மெல்ல மெல்லத் தேறி, 2015-இல்தான் முதன்முறையாகப் பிளேஆஃபுக்குப் போனது. அந்த சீசன் பாதியில் இருக்கும்போதே முதலாளி அணியை டல்லஸ் பக்கம் பெயர்ப்பதாக அறிவித்திருந்தார். டால்ஸா சரியாக ஜெயிக்கக் கற்றுக்கொண்ட வருஷம், வாசலில் லாரி நின்றது. பெயரும் மாறி டல்லஸ் விங்ஸ் ஆனது. டால்ஸா வேண்டாம் என்ற கேம்பேஜ் 2018-இல் அந்த டல்லஸுக்கு வந்து ஒரே ஆட்டத்தில் 53 பாயின்ட் அடித்து லீக் சாதனை படைத்தார். ஊரைப் பற்றி அந்தப் பெண் முதலிலேயே சொன்னார், யார் கேட்டார்கள்?

குலுக்கலில் முதல் இடம் கடைசியில் 2024 நவம்பரில் டல்லஸுக்கு விழுந்தது. பெய்ஜ் பெக்கர்ஸை எடுத்தார்கள். அவர் சிறந்த புதுமுகமாகவும் ஜொலித்தார். அணி அந்த 2025 சீசனில் 44 ஆட்டம் ஆடி 34 தோற்றது. எண்ணிக்கையில் டால்ஸாவை மிஞ்சிவிட்டார்கள். ஆனால் பழைய டால்ஸா ரசிகர்கள் பதற வேண்டியதில்லை. வெற்றி விகிதம் என்று கணக்குப் போட்டால் லீக்கின் வரலாற்றிலேயே ஆகக் கீழே இருப்பது இன்றும் அந்த 34-க்கு 3 தான்.