டூ டூ ரைஃபிள் குறி தப்புவதன் தாத்பரியம்

1948-இல் தேசிய மாணவர் படை பிறந்த நாள் தொட்டுக் கல்லூரியில் காக்கிச் சட்டை மாட்டிய எவரும் அறிந்த 'பாயிண்ட் டூ டூ' ரைஃபிளானது, வயது முதிர்ந்தபின், பார்த்த இடத்தை விட்டுப் பாராத இடத்தில் சுடுவது ஏன் என்னும் வினாவைத் தமிழில் இதுவரை எவரும் சாஸ்திர ரீதியாக விசாரித்ததாகத் தெரியவில்லை. விடை எளிது, ஆகையால் விசாரிக்கவில்லை என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். விடை எளிதாயிருப்பது ஆராய்ச்சிக்குத் தடை என்று ஒப்புக்கொண்டால் நம் சர்வகலாசாலைகளில் பாதிக்குப் பூட்டுப் போட நேருமாதலால், அந்தச் சமாதானத்தை ஆரம்பத்திலேயே தள்ளுபடி செய்கிறேன்.

ஆராய்ச்சியின் எல்லை, தெற்கே மலைக்கோட்டை, வடக்கே கொள்ளிடம் என வகுக்கப்பட்டிருக்கிறது. ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஏறிப் போய் இருட்டுவதற்குள் வீடு திரும்பக்கூடிய தூரம் என்பதன்றி இதற்கு வேறு பிரமாணம் இல்லை. இதே திருச்சிராப்பள்ளியில் 1966 முதல் மத்திய சர்க்காரின் துப்பாக்கித் தொழிற்சாலை ஒன்று நடந்து வருகிறதே, அங்குள்ள நிபுணர்களைக் கேட்டிருக்கலாகாதா என்று ஆட்சேபிப்பார் உண்டு. தொழிற்சாலை எல்லைக்கு வெளியே இருக்கிறது. விஷயம் தெரிந்தவர்களை எல்லைக்கு வெளியே நிறுத்திவிட்டு மேற்கொண்டு நடப்பதுதான் ஆராய்ச்சி முறையின் முதற்படி என்பதை, பட்டம் பெற்றவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி, விசாரணைக்குரிய வஸ்துவின் லக்ஷணம். 1887-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'லாங் ரைஃபிள்' என்னும் தோட்டாவே இன்றும் இந்தத் துப்பாக்கிக்கு ஆகாரம். பெரிய தோட்டாக்களுக்கு அடிப்பாகத்தின் நடுவே தீப்பற்றும் மருந்துக் குமிழ் இருக்க, இந்தச் சிறிய தோட்டாவுக்கோ அது பித்தளை விளிம்பின் மடிப்புக்குள்ளே சுற்றிலும் அடைக்கப்பட்டிருக்கிறது. ஊசி நடுவில் குத்தாமல் ஓரத்தில் தட்டுகிறது. சுட்ட தோட்டாவைப் பொறுக்கிப் பார்த்தால் விளிம்பில் ஒரு சிறு பிறைப் பள்ளம் தெரியும். குண்டு 40 கிரெயின், அதாவது ஏறத்தாழ 2.6 கிராம் எடையுள்ள ஈயம், மேலே மெழுகுப் பூச்சு. (விரிவுக்குப் பார்க்க: இக்கட்டுரையாசிரியர் எழுத உத்தேசித்திருக்கும் 'தோட்டா தீபிகை', முதற்பாகம், வெற்றுப் பக்கங்கள்.)

சரித்திர பீடிகையின்றி எந்த ஆராய்ச்சியும் சோபிக்காது. 1751-இல் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும் சேர்ந்து திருச்சிராப்பள்ளியை முற்றுகையிட்டு, மாதக்கணக்கில் மருந்தைப் புகைத்தார்கள்; கடைசியில் 1752 ஜூனில் ஜாக் லா என்னும் பிரெஞ்சுத் தளபதி ஸ்ரீரங்கத்துத் தீவிலே தன் சேனையோடு சரணடைந்தார். அவர்களுடைய மஸ்கெட்டுகளுக்குக் குழலுக்குள் புரி கிடையாது; வழுவழுப்பான குழலிலிருந்து புறப்பட்ட உருண்டைக் குண்டு நூறு கெஜத்துக்கு அப்பால் எங்கே போகும் என்பதைச் சுட்டவனும் சுடப்பட்டவனும் சமமாகவே அறியாதிருந்தார்கள். ஆகவே இவ்வூரில் குறி தப்புவது இருநூற்றெழுபது ஆண்டுகளுக்குக் குறையாத சம்பிரதாயம் என்று நிறுவப்பட்டது. இதற்கும் கல்லூரி ரைஃபிளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் சரித்திர பீடிகையின் பிரயோஜனத்தை அறியாதவர்கள்.

குறி தப்புவதன் காரணங்களுள் மனுஷ தோஷம், அதாவது மூச்சை அடக்காமலும் விசையை அழுத்தாமல் வெடுக்கென்று இழுத்தும் சுடுவது, மிகவும் சாதாரணமானது. ஆகவே அதைப்பற்றி எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

பக்கத்து டார்கெட்டில் சுடுவதும் அவ்வகைப்பட்டதே. தன் காகிதம் அப்பழுக்கற்றிருக்க, அண்டை வீட்டுக்காரன் ஐந்து தோட்டா போட்டுப் பத்து ஓட்டை வாங்கியிருப்பான்.

தேச கால தோஷம் சற்று ருசிகரமானது. ஸ்ரீரங்கம் இரண்டு ஆறுகளுக்கு நடுவே கிடப்பதால், ஐப்பசி மழையில் ரைஃபிளின் மரக்கட்டை ஈரம் குடித்து ஊதிக் குழலை ஒரு பக்கமாக நெருக்கும். பங்குனியில் காய்ந்து விட்டுக்கொடுக்கும். வெயிலைப் பற்றியோ என்றால், குண்டின் வேகம் சப்தத்தின் வேகத்தைத் தாண்டிப் புறப்பட்டு, பின் அதற்குக் கீழே இறங்கும் சந்தியில் குண்டு தடுமாறும் என்பது நிபுணர் துணிபு. சப்தம் 35 டிகிரி சூட்டில் விநாடிக்கு 352 மீட்டர் ஓடுகிறது. சாதாரணத் தோட்டாவின் குண்டோ 320, 330-ஐத் தாண்டுவதில்லை. சூடு ஏற ஏறச் சப்தம் முந்திக்கொண்டு குண்டுக்கு வழிவிடுகிறது. திருச்சி வெயிலால் விளையும் நன்மை ஒன்று இவ்விதம் முதன்முறையாகக் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. 25 கெஜத்தில் சுடும் மாணவனுக்கு இதனால் யாதொரு உபயோகமும் இல்லை என்பது கண்டுபிடிப்பின் பெருமையைக் குறைக்காது.

வம்ச தோஷம் என்று ஒன்று உண்டு. பட்டாளத்தில் உழைத்துத் தேய்ந்த 303 ரைஃபிளின் குழலை உள்ளே குடைந்து, அதற்குள் டூ டூ குழல் ஒன்றைச் செருகி மாணவர்களிடம் கொடுக்கும் முறை இங்கிலாந்தின் பர்மிங்காமில் பார்க்கர் என்பவர் பெயரால் வழங்கி வந்தது. பரகாயப் பிரவேசத்தை யோக நூல்களில் மட்டும் தேடுபவர்கள் கவனிக்கத் தக்கது.

தோட்டா தோஷத்தை அலட்சியம் செய்தல் தகாது. விளிம்புக்குள் மருந்தைப் பரப்புவதற்குத் தோட்டாவை வேகமாகச் சுழற்றுவார்கள். சுழற்சியில் எங்கேனும் ஓரிடம் மருந்தில்லாமல் போயிருந்து, ஊசி அந்த இடத்தைப் பார்த்தே தட்டுமானால், வெடிக்காது. ரேஞ்சில் பழகிய கைகள் சற்றுப் பொறுத்து, தோட்டாவைச் சிறிது திருப்பிப் போட்டு மறுபடி சுடும், அநேகமாக வெடிக்கும். மருந்து கூடக்குறைய இருந்தால் வேகமும் கூடக்குறைய இருக்கும், குண்டு மேலும் கீழுமாக விழும். ஒரு ரைஃபிளுக்கு ஒரு பெட்டி ஒத்துக்கொள்வதும் அதே கம்பெனியின் வேறொரு பெட்டி ஒத்துக்கொள்ளாததும் பிரத்தியக்ஷம். வேறு பெட்டி மாற்றிப் பார் என்பதே இதற்குப் பரிகாரம். இது ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடுவதால் அறிஞர்கள் இதன் பக்கம் வருவதில்லை. (பார்க்க: மேற்படி 'தோட்டா தீபிகை', இரண்டாம் பாகம், பிரதான உரையைக் காட்டிலும் நீண்டுவிட்ட அடிக்குறிப்பு, அதன் அடிக்குறிப்பு, கீழிருந்து மேலாகப் படிக்க.)

இப்போது நம் விசாரணையின் ஜீவநாடிக்கு வருகிறோம். குழலுக்குள் ஓடும் புரியானது 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் முறுக்கப்பட்டிருக்கிறது. அதன் வழியே ஓடும் குண்டு விநாடிக்குச் சுமார் 790 சுற்றுச் சுழன்றுகொண்டு வெளிப்பட்டு, பம்பரத்தைப் போல அச்சு மாறாமல் போகிறது. இதில் கேள்வி யாதெனில், குண்டு புரியைப் பற்றுகிறதா, புரி குண்டைப் பற்றுகிறதா?

ஸ்ரீரங்கத்தில் திண்ணை உள்ள வீட்டில் பிறந்த எவருக்கும் இந்தக் கேள்வி புதிதன்று. ஜீவன் பகவானைப் பற்றிக்கொள்வது, குரங்குக் குட்டி தாயின் வயிற்றைத் தன் கையால் இறுகப் பிடித்துக்கொள்வதுபோல என்று ஒரு சாராரும், பூனை தன் குட்டியைத் தானே கவ்விக்கொண்டு போவதுபோல, குட்டியின் முயற்சி அதில் ஏதுமில்லை என்று மற்றொரு சாராரும் நூற்றாண்டுகளாக நிர்ணயம் செய்து வந்திருக்கிறார்கள். அந்த மகான்களுடைய விசாரம் மோக்ஷத்தைப் பற்றியது. எங்கள் விசாரம் ஈயத்தைப் பற்றியது என்பதொழிய, சூடு இரண்டுக்கும் ஒன்றே. குரங்குக் கக்ஷியார் சொல்வதாவது: குண்டு மிருதுவான ஈயமாக இருப்பதே புரியை அணைந்துகொள்வதற்காகத்தான், குண்டுக்குப் பற்றில்லையேல் புரி என்ன செய்யும்? ஆகவே குறி தப்பினால் குற்றம் குண்டினுடையது. பூனைக் கக்ஷியார் மறுப்பதாவது: சுட்ட குண்டைத் தோண்டி எடுத்துப் பார்மின், அதன் மேனியில் புரியின் பல் பட்ட தழும்பு இருக்கிறது, கவ்வியது யார், கவ்வப்பட்டது யார் என்பதற்கு வேறு சாட்சியம் வேண்டுமோ? ஆகவே குறி தப்பினால் குற்றம் குழலினுடையது. குழலும் குண்டும் பரஸ்பரம் பற்றுகின்றன என்று சமரசம் பேச வந்த ஓர் இளைஞரை இரு கக்ஷியாரும் சேர்ந்து அவைதிகர் என்று விலக்கி வைத்துவிட்டார்கள். (இதன் முழு விவரத்துக்கு: 'தோட்டா தீபிகை'க்கு நானே எழுதவிருக்கும் மறுப்புரைக்கு, என் மைத்துனர் எழுதித் தருவதாக மேலச்சித்திரை வீதியில் வைத்து ஒப்புக்கொண்டு பின்பு மறந்துபோன முகவுரை, கரையான் அரித்த இரண்டாம் ஏடு, அரிக்காத பகுதி. கரையானின் பாடமே சுத்த பாடம் என்பாரும் உளர்.)

வேடிக்கை என்னவென்றால், இரண்டு நியாயங்களையும் நிலைகுலைக்கக்கூடிய ஒரு வஸ்து குழலுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. போல்டைக் கழற்றிவிட்டு, பின்புற வாயிலில் பெருவிரல் நகத்தை வைத்து, நகத்தில் படும் வெளிச்சத்தைக் கொண்டு முன்வாய் வழியே குழலுக்குள் பார்த்தால், பளபளவென்று சுழன்று ஓட வேண்டிய புரிகளுக்கு இடையில் சாம்பல் நிறத்தில் திட்டுத் திட்டாக ஈயம் அப்பியிருப்பது தெரியும். தோட்டா அமரும் அறையின் முன்னெல்லையில் மெழுகும் கரியும் கலந்து இறுகிய ஒரு வளையமும் இருக்கும். அது இருக்கும்வரை குண்டு ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு விதமாகக் குழலுக்குள் நுழையும். குரங்குக்கும் பிடி இல்லை, பூனைக்கும் பல் இல்லை. பித்தளைப் பிரஷ்ஷும் எண்ணெயும் 'சிந்தி' என்று பட்டாளத்தில் சொல்லப்படும் துணித்துண்டும் போதுமானவை என்பதில் மட்டும் இரு கக்ஷிக்கும் அபிப்பிராய பேதமில்லை.

எந்த வாசல் வழியாகத் துடைப்பது என்பதில் பேதம் மறுபடி தலையெடுத்தது. வைகுண்ட ஏகாதசிக்கு வடக்கு வாசல் திறப்பதைப் பார்த்து வளர்ந்த ஊரில், வாசல் என்றால் சும்மா விடுவார்களா? "முன்வாய் வழியாக விட்டால் என்ன ஓய், துணி எப்படியும் மறுபுறம் வந்துதானே தீரவேணும்?" என்றார் ஒருவர். அப்படி வருகிற வழியில்தான் விஷம் இருக்கிறது. முன்வாயில் கம்பியை நுழைத்து நுழைத்து எடுப்பதாலும், இழுகயிற்றைச் சாய்த்துச் சாய்த்து இழுப்பதாலும், குழலின் முன்விளிம்பு ஒரு பக்கமாகத் தேய்ந்துபோகிறது. குண்டு வெளியேறும் கடைசிக் கணத்தில் அதன் பின்னே வரும் வாயு அந்தத் தேய்ந்த பக்கமாக முந்திப் பீறிட்டு, குண்டின் அடியைத் தள்ளிவிடுகிறது. குழல் முழுதும் பாடுபட்டுக் கற்பித்த நேர்மை வாசற்படியில் பறிபோகிறது. பல ஆண்டுகளாகச் சிரத்தையோடு துடைக்கப்பட்ட ரைஃபிள், துடைக்கப்படாததைவிட மோசமாகச் சுடுவதற்கு இதுவே ஹேது. பழைய நூல்களைச் சுத்தப் பதிப்பாகத் திருத்தித் திருத்தி வெளியிட்ட சில பதிப்பாசிரியர்களின் ஞாபகம் எனக்கு இவ்விடத்தில் வருவானேன் என்று தெரியவில்லை, மேலே செல்வோம்.

திருகு தோஷம் ஒன்று பாக்கி. மரக்கட்டையையும் இரும்பையும் பிணைப்பவை முன்னொன்றும் பின்னொன்றுமாக உள்ள திருகுகள். ஒவ்வொரு வெடிக்கும் அதிர்ந்து அதிர்ந்து இவை தளரும். தளர்ந்தால் குழல் ஒவ்வொரு தரமும் வேறொரு இடத்தில் படுத்துக்கொள்ளும். முன் திருகை நன்றாக இறுக்கி, பின் திருகை மிதமாக இறுக்க வேண்டும். மேற்சொன்ன வாதங்கள் நடந்தேறிய ஒரு கல்லூரி ரேஞ்சில், 'உஸ்தாத்' என்று மாணவர்களால் அழைக்கப்படும் ஹவில்தார், சபை பூனையிலிருந்து குரங்குக்குத் திரும்பிக்கொண்டிருந்த சமயம், ரைஃபிளை மடியில் கிடத்தி ஸ்க்ரூ டிரைவரால் முன் திருகை ஒரு சுற்றுக்கு மேலேயே இறுக்கினார். சிவப்புக் கொடி ஏறிற்று. ஒரு மாணவன் படுத்து ஐந்து தோட்டா சுட்டான். ஐந்தும் ஓர் எட்டணா நாணயத்துக்குள் அடங்கும்படி நெருக்கமாக விழுந்தன. ஆனால் கறுப்பு வட்டத்துக்கு இடப்புறம் மூன்று சென்டிமீட்டர் தள்ளி விழுந்தன.

கூடி விழுவது வேறு, குறியில் விழுவது வேறு என்ற மகத்தான பேதம் இவ்விதம் உதயமாயிற்று. ரைஃபிளின் மேலுள்ள முன்குறி, பின்குறி இரண்டுக்கும் இடையே முக்கால் மீட்டர் இருந்தால், முன்குறி ஒரு மில்லிமீட்டர் விலகினாலே 25 கெஜத்தில் குண்டு மூன்று சென்டிமீட்டர் விலகும். குண்டு இடப்புறம் விழுந்தால் முன்குறியையும் இடப்புறமே நகர்த்த வேண்டும், வலப்புறம் அன்று. பகுத்தறிவுக்கு விரோதமாகத் தோன்றும் இந்த விதியைக் கேட்டமாத்திரத்தில் சபையில் புதிய ஜீவன் பிறந்தது. இடதென்பது சுடுகிறவனுக்கு இடதா, டார்கெட்டுக்கு இடதா என்று குரங்குக் கக்ஷியின் மூத்தவர் தொடங்கிவிட்டார். பூனைக் கக்ஷியில் ஒருவர் நோட்டுப் புஸ்தகம் கேட்டு ஆளனுப்பினார். இதற்குள் ஹவில்தார் ஒரு சிறிய பித்தளைச் சுத்தியை எடுத்து, முன்குறியைத் தட்டுவதற்காகக் குனிந்தார். ஆராய்ச்சி முடிகிற வரையில் தயவுசெய்து அதைத் தொட வேண்டாம் என்று இரு கக்ஷியாரும் ஏககண்டமாக அவரை வேண்டிக்கொண்டார்கள். அவர்கள் ஒருமனப்பட்ட சந்தர்ப்பம் என்று எனக்குத் தெரிந்தவரை அது ஒன்றுதான்.