வேகாத கேக்கும் வெந்த கிண்ணமும்

எங்கள் ஊர்க்காரனை ஓட்டலுக்குக் கூட்டிப்போவதில் ஒரு சங்கடம் உண்டு. பலகாரம் வந்ததும் மற்றவர்கள் மோந்து பார்ப்பார்கள். நாங்கள் தட்டைச் சுண்டிப் பார்ப்போம். 'ணங்' என்றால் நன்றாக வெந்த சரக்கு. 'டொக்' என்றால் எங்கேயோ விரிசல். விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் இருபது வருஷம் கொலு பொம்மைக்கும் ஃபியூஸ் கேரியருக்கும் அச்சு பார்த்தவன் நான். கல்யாணப் பந்தியில் மட்டும் வாழையிலை என் மானத்தைக் காப்பாற்றுகிறது.

அக்கா மகளுக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. "ஜாங்கிரியைத் தாண்டி நீங்க ஒண்ணுமே பார்க்கல மாமா. ரெண்டு நாள் வாங்க, ஊர்ல புதுசா என்னென்ன கடை வந்திருக்குன்னு காட்டறேன்" என்றாள். வைகை எக்ஸ்பிரஸ் ஏறினேன்.

சுந்தரர் எங்கள் மணிமுத்தாற்றில் பன்னிரண்டாயிரம் பொன்னைப் போட்டுவிட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டார் என்பது தலபுராணம். ஆளும் லேசுப்பட்டவர் இல்லை. போடுவதற்கு முன்னால், பின்னால் மாற்று ஒத்துப்பார்க்க ஒரு துணுக்கு மச்சம் வெட்டி வைத்துக்கொண்டாராம். அந்த ஊர்த் தண்ணீர் குடித்தவன் என்பதால் நானும் மச்சத்துக்கு இரண்டு துண்டு மைசூர்பாகைப் பொட்டலம் கட்டிப் பையில் வைத்துக்கொண்டேன். நான் சென்னையில் போட்ட பணம் எந்தக் குளத்திலும் மிதக்கவில்லை என்பது வேறு கதை.

முதல் கடை நுங்கம்பாக்கம் காதர் நவாஸ் கான் ரோட்டில். கரண்டு போன வீடு மாதிரி வெளிச்சம். மெனு அட்டையைச் செல்போன் விளக்கில் படித்து, "லாவா கேக்" என்றாள். வந்தது. ஸ்பூனால் குத்தியதும் நடுவிலிருந்து சாக்லேட் கூழ் ஒழுகியது.

"பாப்பா, இது வேகலையே!"

"அதான் மாமா விசேஷமே!"

1987-ல் நியூயார்க்கில் ழான்-ஜார்ஜ் என்ற சமையல்காரர் அவசரத்தில் அடுப்பிலிருந்து சீக்கிரம் எடுத்துவிட்டாராம். தின்றவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்களாம். அவர் சொல்லும் கதை இது. பிரான்சில் மிஷேல் ப்ரா 1981-லேயே தெரிந்தே இப்படிச் செய்துவிட்டார் என்று வாதாடுகிறவர்களும் இருக்கிறார்கள். வேகாத பண்டத்துக்கு இரண்டு தேசம் உரிமை கொண்டாடி நான் கேட்டது இதுதான் முதல் தடவை. எங்கள் பேட்டையில் பாதி வெந்த பொம்மையைச் சூளையிலிருந்து எடுத்தால் கைதட்ட மாட்டார்கள். கை வேறு இடத்தில் விழும்.

இரண்டாவது கடையில் முகம் பார்க்கிற மாதிரி பளபளப்பாக ஒரு கேக். பரிமாறிய பையன் பாடம் ஒப்பித்தான்: "கீழே பிஸ்கட், மேலே மிரர் கிளேஸ் சார்." எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் ஊரில் பிஸ்கட் என்றால் ஆயிரம் டிகிரியை ஒட்டிய சூட்டில் முதல் வேக்காடு முடிந்து, பூச்சுக்குக் காத்திருக்கும் மொட்டைப் பீங்கான். கிளேஸ் என்றால் அதன்மேல் ஏற்றுகிற கண்ணாடிப் பூச்சு. உருகிப் படிய இன்னும் இருநூறு டிகிரியாவது வேண்டும். நாக்கை நீட்டத் தயங்கினேன். அவள் பாதியை முடித்த பிறகுதான் நம்பிக்கை வந்தது. அதற்குள் பாதிதான் இருந்தது.

திரவ நைட்ரஜன் ஊற்றிய புகை பிஸ்கட் கேட்டுப் பார்த்தேன். மைனஸ் 196 டிகிரி, எங்கள் சூளைக்கு நேர் எதிர்க்கட்சி. அதை அப்படியே தின்னக் கொடுக்கக் கூடாதென்று 2024 ஏப்ரலில் உணவுப் பாதுகாப்புத் துறை எச்சரித்திருக்கிறது என்று பையன் கைவிரித்தான். வயிறு துறைக்கு நன்றி சொன்னது.

மூன்றாவதாக வந்ததுதான் க்ரெம் ப்ரூலே. பெயருக்கே கருகிய பாலாடை என்றுதான் அர்த்தமாம். 1691-ல் மாசியலோ என்ற பிரெஞ்சுக்காரர் புத்தகத்திலேயே செய்முறை அச்சேறிவிட்டது. அடுப்பில் பாலை மறந்துவிட்டு வந்து திட்டு வாங்குகிற நம் வீட்டுப் பெண்களுக்கு இது தெரியாமல் போய்விட்டது. மேலே சர்க்கரை தூவி, தீ ஊதியால் உருக்கி, கண்ணாடித் தகடாக இறுகவைத்திருந்தார்கள். ஸ்பூனால் தட்டி உடைக்க வேண்டும். கிளேஸ் போட்டு அதில் கீறல் விழுந்தால் எங்களுக்குக் கூலி பிடிப்பார்கள். இங்கே கீறல் விழத்தான் காசு. அளவைச் சொல்லவே வேண்டாம். பச்சை மண் சூளையில் பத்தில் ஒரு பங்குதான் சுருங்கும், அதற்காக அச்சையே பெரிதாக எடுப்போம். இந்த இனிப்பு, மெனு படத்திலிருந்து மேசைக்கு வருவதற்குள் பத்தில் ஒன்பது பங்கு சுருங்கியிருந்தது.

ஆனால் கிண்ணம்! வெள்ளை வெளேரென்று, குழந்தையின் உள்ளங்கை அகலத்தில், சுற்றிலும் வரி ஓடிய கிண்ணம். சுண்டினேன். கோயில் மணி. இப்படி ஒரு சரக்கு எந்த ஊர்ச் சூளையில் வெந்தது என்று பார்க்காமல் எப்படி இருப்பது? கவிழ்த்தேன். அடியில் முத்திரையைத் தேடிய மும்முரத்தில், உள்ளே இன்னும் பாதிப் பாலாடை இருந்தது மறந்துபோயிற்று. அது என் வேட்டியில் இறங்கியது.

துணியோடு ஓடிவந்த பையன், "டெசர்ட் எப்படி இருந்தது சார்?" என்று கேட்டான்.

"அடி வளையத்துல ஒரு பொட்டு கிளேஸ் இல்லாம துடைச்சிருக்கான் தம்பி. இல்லன்னா சூளைத் தட்டுலயே ஒட்டிக்கும். நல்ல தொழில்காரன்" என்றேன்.

அவன் அவளைப் பார்த்தான். அவள் செல்போனைப் பார்த்தாள்.

வெளியே வந்ததும் வீட்டிலிருந்து போன். "என்ன சாப்பிட்டீங்க?"

"வேகாத கேக், கருகின பால்."

"அதுக்கா அவ்வளவு தூரம் போனீங்க? இங்கயே குடுத்திருப்பேனே!"

ஆட்டோவுக்கு நிற்கும்போது அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. கோபமோ என்று பயந்தேன். பிறகு மெதுவாக என் பையைப் பார்த்துச் சொன்னாள்: "மாமா, அந்த மச்சத்தை எடுங்க. பசிக்குது."